கிடாவுக்கு ஒரு ஒத்திகை

திண்டுக்கல்லில் யார் எந்த ஊரிலிருந்து எந்தப் பஞ்சத்தில் வந்து குடியேறினார்கள் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிடுவார்கள். சந்தேகம் வராதவர்களையும் நான் விட்டு வைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் பிள்ளைகள் கட்டாயத்துக்கு உட்கார்ந்து கேட்ட காலம் போய், இப்போது கேட்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. பந்திக்குக் காத்திருப்பவர்கள், ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியவர்கள், பல் பிடுங்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள், யார் சிக்கினாலும் சரி. பல் பிடுங்க வந்தவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்பது கூடுதல் வசதி.

என் பேச்சுக்கு நிரந்தரமாக ஒரு தலைப்பு உண்டு: 'பல ஜனம் சேர்ந்த பூமி'. நூலகத்து வாசகர் கூட்டமானாலும் நண்பர் வீட்டுக் காதுகுத்தானாலும் அதைத்தான் எடுத்து விடுவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பேகம்பூர் வரைக்கும் காலாற நடந்து பாருங்கள் என்று ஆரம்பிப்பேன். அடகுக்கடையில் மார்வாடி, டீக்கடையில் மலையாளம், நெசவுக்காரர் வீட்டில் சௌராஷ்டிரம், பள்ளிவாசல் தெருவில் உருது கலந்த தமிழ், காய்கறி ஏற்றி வருகிற வண்டிகளில் தெலுங்கும் கன்னடமும். இப்போது வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கியதில், ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அவர்கள் பாஷையும் சேர்ந்துகொண்டது. "இன்னும் ரெண்டு தலைமுறை போகட்டும். இவங்களும் தாடிக்கொம்புப் பெருமாளுக்கு நேர்ந்துக்கிட்டு, சீரகச் சம்பா பிரியாணிதான் பிரியாணின்னு நம்மகிட்டயே சண்டைக்கு வருவாங்க" என்று முடிப்பேன். கைதட்டல் வரும். வரும் என்று தெரிந்துதான் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிறுத்துவேன்.

இம்புட்டுப் பேசுகிறவனுடைய வீட்டுப் பாஷை தெலுங்கு. எந்த ஆந்திராக்காரரும் தெலுங்கு என்று ஒத்துக்கொள்ளாத தெலுங்கு. ஒரு தடவை திருப்பதியில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெரியவரிடம் ஆசையாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பாஷையில் பசிக்கிறது என்று சொல்லத் தெரியும், திட்டத் தெரியும். இடைப்பட்ட வாழ்க்கை முழுவதையும் தமிழில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அப்படியில்லை. வேடசந்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். மூச்சு விடாமல் பேசுவாள், அதில் பெரும்பகுதி என்னைப் பற்றித்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். கணக்கு படித்தவள், ஊரிலேயே ஒரு தனியார் கம்பெனியில் வேலை. போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்குச் சட்னி போட்டுக்கொண்டே சொன்னாள். "அப்பா, கூட வேலை பார்க்கிற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அவங்க கிறிஸ்தவங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சு. நீங்க வேண்டாம்னா நான் ஓடியெல்லாம் போக மாட்டேன்."

எந்த அப்பனும் கோபப்படலாம், சந்தோஷப்படலாம், குறைந்தபட்சம் இட்லியையாவது தள்ளி வைக்கலாம். நான் கேட்டது, "எந்த ஊருக்காரங்க?" ஊருக்குக் கிழக்கே, கோயில் மணிக்கூண்டு தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு கிராமத்தைச் சொன்னாள். அவ்வளவுதான், எனக்கு வாய் பூட்டே கழன்றுவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் பஞ்ச காலத்தில் வந்தது, ஒரு சாமியார் கிணறு வெட்டிக் கொடுத்தது, பங்காளிகளில் பாதிப் பேர் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்ததும் பாதிப் பேர் சேராததும், இன்றைக்கும் தேர்த் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வடம் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். மகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"சரிப்பா. நீங்க என்ன சொல்றீங்க?"

"பார்ப்போம்மா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சம்மதம் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜனத்தைப் பற்றி இம்புட்டு வாஞ்சையோடு பேசுகிறவன் அந்த வீட்டுப் பையனை வேண்டாம் என்றா சொல்லப் போகிறான் என்று அவளே புரிந்துகொள்ள வேண்டாமா? மனைவிதான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "அவ கேட்டது ஊர்க் கதையை இல்லைங்க" என்றாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

பையன் வீட்டுக்கும் ஒரு நாள் போனோம். பையனுடைய அம்மா மல்லிகைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து, கையைக் கழுவிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தார். நான் அவர்கள் பரம்பரையைக் கேட்டேன். அவர் மாமியார் வழி, மாமனார் வழி என்று சொல்லச் சொல்ல, நான் நடுநடுவே திருத்தம் சொன்னேன். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவர்கள் முப்பாட்டன் எந்த வழியாக வந்தார் என்று அவர்களுக்கே திருத்தம் சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும், அது எனக்கு நிறைய இருக்கிறது. கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து, "அப்ப என்னங்கண்ணே, உங்க முடிவு?" என்று கேட்டார். நான், "ரொம்பச் சுவாரசியமா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மறைத்து என்ன ஆகப் போகிறது, எனக்குப் பயம். என் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியது கிராமத்திலிருக்கிற சித்தப்பா. எங்கள் பங்காளிகளுக்கெல்லாம் அவர்தான் பெரிய தலை. அவர் முகம் சுளித்தால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு குஞ்சும் வராது. மேடையில் ஆயிரம் பேசலாம், சித்தப்பா முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றைக்கும் நாக்கு வறண்டு போகும். ஆகவே, அவரே ஒரு முடிவு சொல்லட்டும் என்று மூன்று பேருமாகக் கிராமத்துக்குப் போனோம்.

சித்தப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தை மனைவிதான் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீ என்னப்பு சொல்ற?" என்றார்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்க சித்தப்பா."

"நான் சொல்றது கெடக்கட்டும். பெத்தவன் நீ."

அங்கே நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. திறந்தேன். காலம் மாறிவிட்டது என்று ஒரு பக்கம் பேசினேன், நம்ம பழக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று இன்னொரு பக்கமும் பேசினேன். அதோடு விட்டேனா? நாங்கள் இந்தச் சீமைக்கு வந்த கதையையும் எடுத்துவிட்டேன். வடக்கே ஒரு ராஜா எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டான், வேறு ஜனத்தானுக்குக் கொடுக்க மனமில்லாமல் ராவோடு ராவாகச் சாமிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், குறுக்கே ஆறு ஓடியது, கரையிலிருந்த மரம் வளைந்து பாலமாகி அக்கரை சேர்த்தது. இதே கதையை நான் கன்னடம் பேசும் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ஆறும் மரமும் மட்டும் வேறு. அந்த ஒப்பீட்டைத்தான் நான் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி என் முழங்கையில் கிள்ளினாள். பெண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்க வந்த இடத்தில், பெண்ணைக் கொடுக்காமல் ஊரையே காலி செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது கிள்ளிய பிறகுதான் உறைத்தது.

சித்தப்பா என்னைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி விடு. சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மகள், "அந்தக் கதையில பொண்ணு என்னப்பா சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"அதுக்குச் சான்று இல்லம்மா" என்றேன்.

சாமியிடம் கேட்பது என்றால் எங்களில் முறை இதுதான். காட்டுக்குள் எங்கள் அம்மன் இருக்கிறாள். கூரை கிடையாது, உடைமரத்தடியில் மூன்று கல். அவள் முன்னால் ஒரு வெள்ளாட்டுக் கிடாவை நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதம் சொல்லிவிட்டாள். சிலுப்பாவிட்டால் மறுபடி ஊற்றலாம், மூன்றாவது தடவையும் ஊற்றலாம். அதற்கும் அசையவில்லை என்றால் அவளுக்கு இஷ்டமில்லை, கிடாவை அவிழ்த்துவிட்டுக் கலைய வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றுகிறவர் காரியக்காரராக இருக்க வேண்டும், அதாவது பெண்ணைப் பெற்ற நான். முன்னோர் வரும் வழியில் தங்கிய ஊர்களை வரிசையாகச் சொல்லி அவளைக் கூப்பிட்டு, 'ஒப்புகுண்டாவா தல்லீ' என்று கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறாயா அம்மா என்று அர்த்தம். எல்லாமே எங்கள் பாஷையில்.

"இத்தனை தலைமுறையா இங்க இருக்கிறவளுக்குத் தமிழ் புரியாதா சித்தப்பா?" என்று போனில் கேட்டுப் பார்த்தேன்.

"நீயும் அம்புட்டு நாளா எங்க மத்தியிலதான் இருக்க. ஒனக்குத் தெலுங்கு வந்துச்சா?" என்றார்.

கிடா பிடிக்க வியாழக்கிழமை விடியற்காலையில் அய்யலூர்ச் சந்தைக்குப் போனேன். யாரையாவது தெரிந்தவரைக் கூட்டிப் போயிருக்கலாம். நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே. சந்தையில் எத்தனை பாஷையில் ஆடு விலை பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றதில் நல்ல கிடாக்களெல்லாம் வண்டியேறிவிட்டன. மிச்சமிருந்த வியாபாரியிடம், "கொஞ்சம் சாதுவான ஆடு இருக்குமா?" என்று கேட்டேன். கார் நிறுத்துகிற இடத்தில் கட்டிப்போட வேண்டும், கத்தி ஊரைக் கூட்டக் கூடாதே என்பது என் கவலை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்ணே, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்களா?" என்றார். ஆனாலும் நான் கேட்டபடியே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைத் திட்டு. லோடு ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வந்தது.

பூசைக்கு இன்னும் நாள் இருந்தது. எனக்கோ ஊர்ப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. யார் யார் பரம்பரையையோ தலைகீழாகச் சொல்கிறவன், என் முன்னோர் தங்கிய ஊர்களை வரிசை மாற்றிச் சொல்லி அவர்களைத் தெற்கே வரவிடாமல் வடக்கும் தெற்குமாக அலைய விட்டேன். மனைவி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். "சாமியக் கூப்பிடுறீங்களா, ஆஜர் எடுக்குறீங்களா?" என்பாள். அப்போதுதான் அந்த அருமையான யோசனை எனக்கு வந்தது. வெறுமனே மனப்பாடம் செய்தால் அங்கே போய்ச் சொதப்பிவிடும். கையில் செம்பு, எதிரில் கிடா, வாயில் மந்திரம் என்று முறையாகவே பழகிவிட்டால் என்ன?

மறுநாள் காலையில் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கிடா முன்னால் நின்றேன். ஊர்ப் பெயர்களைச் சொல்லி, ஒப்புகுண்டாவா தல்லீ என்று கேட்டுத் தண்ணீரை ஊற்றினேன். பாருங்கள், அப்படி ஒரு சிலுப்பு. காதிலிருந்து வால் வரைக்கும் உதறியதில் என் வேட்டி சட்டை கண்ணாடி எல்லாம் நனைந்துவிட்டது. "சம்மதம் கொடுத்திருச்சு" என்று உள்ளே போய்ச் சொன்னேன். "அதுக்குக் குளிருது" என்றாள் மனைவி. மறுநாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும்.

பங்குனி வெயில் அப்போதே முதுகைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. காலையில் செம்போடு என்னைப் பார்த்ததும் கிடா எழுந்து வந்து தலையைக் குனிந்து நிற்கப் பழகியது. தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்ளும். ஊர்ப் பெயர்கள் பிசகாமல் இருக்க வேண்டுமே என்று நானும் கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு பேரும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற காட்சியைப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாகப் பார்த்திருக்கிறார், யோகா மாதிரி ஏதோ என்று நினைத்தாராம். ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்தேன். முதல் நாட்களில் நனைந்த மாதிரி இப்போதெல்லாம் என் சட்டை நனைவதில்லை. தண்ணீர் ஊற்றுவதில் எனக்குக் கை பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மனைவியிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் வாயில் கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் மகள் வீட்டில் அதிகம் பேசவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது கிடாவுக்குக் கொஞ்சம் அகத்திக்கீரை போட்டுவிட்டுப் போவாள். ஒரு தடவை போனில் யாரிடமோ, "எங்க வீட்டு வாசல்லதான் கட்டிப் போட்டிருக்கு என் கல்யாணத்தை" என்று சொன்னது காதில் விழுந்தது. நல்ல நகைச்சுவை என்று நான் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

பூசையன்று பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். கறிக்குழம்புக்கு மசாலா அரைத்தாகிவிட்டது, பொங்கலுக்கு அடுப்பு கூட்டியாகிவிட்டது. பையன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அது முறையில்லை. ஆனால் பையனுடைய அம்மா வாழையிலையில் பொதிந்து ஒரு மல்லிகைச் சரம் கொடுத்தனுப்பியிருந்தார். மகள் அதைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்து, "நெருக்கமா இருக்கே, யாரு கட்டுனது?" என்று கேட்டார். "அவங்க அம்மா. அவங்க மாதாவுக்குக் கட்டுற மாதிரியே கட்டியிருக்காங்களாம் தாத்தா" என்றாள். சித்தப்பா பூவை நடுக்கல்லுக்குச் சாத்திவிட்டு, என்னைப் பார்த்து ஆரம்பி என்று கையைக் காட்டினார்.

மஞ்சள் தண்ணீர்ச் செம்பை வாங்கினேன். என் ஜென்மத்தில் முதல்முறையாகத் தெலுங்கு தடுக்காமல் வந்தது. ஊர்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. பங்காளிகளில் வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இவனுக்கு இது எப்படி வந்தது என்று. நானும் குரலைச் சற்று உயர்த்தி, ஒப்புகுண்டாவா தல்லீ என்று கேட்டுத் தண்ணீரை ஊற்றினேன்.

கிடா கண்ணை மூடிக்கொண்டது.

எல்லாரும் காத்திருந்தார்கள். தண்ணீர் அதன் தாடியிலிருந்து சொட்டியது. அது கழுத்தை நீட்டி என் கைக்கு வாகாகக் கொடுத்தது, வழக்கமாக நான் அங்கே தேய்த்துவிடுவேன். இரண்டாவது செம்பை ஊற்றினேன். சுகமாக ஒரு பெருமூச்சு விட்டது. "காதுல ஊத்துப்பா" என்றார் ஒருவர். "ஆள் ஒதுங்கி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார் இன்னொருவர். மூன்றாவது செம்பையும் ஊற்றினேன். கிடா இரண்டடி முன்னால் வந்து என் தொடையில் சாய்ந்து நின்றுகொண்டது.

பின்னாலிருந்து மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தெனமும் குளிப்பாட்டுனா அது ஏங்க சிலுப்பும்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் அம்மன் மறுத்தாள் என்று ஆகிவிடும், என் பிள்ளையின் கல்யாணம் அதோடு முடிந்தது. சொன்னால் சாமி காரியத்தில் விளையாடிவிட்டேன் என்று ஆகும். சொல்லிவிட்டேன். ஆடு வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிப் பழகிய கதையை, சட்டை நனையாத பெருமை உள்பட, ஒன்று விடாமல் சொன்னேன்.

பின் வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அது அப்படியே பரவியது. "வாத்தியாரு ஆட்டுக்கும் பாடம் நடத்திட்டாருப்பா" என்றார்கள். "கறிச்சோறு போச்சா?" என்று ஒருவர் நிஜமான துக்கத்தோடு கேட்டார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் தோளில் கையை வைத்தார்.

"ஏன்டா, பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? இதுக்குப் போய் ஆட்டைப் பழக்குவியா?"

"யாருக்குப் பிடிக்கலை?"

"ஒனக்குத்தான். அன்னிக்கு வந்து அந்த ராஜா கதையச் சொன்னியே. மக மனசும் நோகக் கூடாது, ஒன் வாயாலயும் வேண்டாம்னு வரக் கூடாது, பழி சாமி மேல போகட்டும்னுதான் நான் இந்த ஏற்பாடே பண்ணுனேன். எனக்கு என்ன இருக்கு? நாளைக்குப் போற கட்டை. பையன் நல்ல பையன்னு விசாரிச்சுட்டேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனுடைய அம்மா வாசலில் நின்று கேட்டது, சித்தப்பா கட்டிலிலிருந்து கேட்டது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கேட்டவர்கள் எல்லாருக்கும் சம்மதம் இருந்தது. மாதக்கணக்கில் குறுக்கே நின்றது நான் ஒருத்தன்தான், அதுவும் எனக்குத் தெரியாமலேயே.

"நீயாச்சும் சொல்லும்மா" என்று மகளைப் பார்த்துச் சொன்னேன். "நான் பேர் மறந்துரக் கூடாதேன்னுதான் தண்ணி ஊத்திப் பழகுனேன். உனக்குத் தெரியாதா?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தெனமும் மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான்ப்பா இருந்தேன். நாலு நாள்லயே அது சிலுப்புறத நிறுத்திருச்சு. அதுக்கப்புறமும் நீங்க விடாம ஊத்துனீங்க. அது சிலுப்பக் கூடாதுன்னுதான் ஊத்துறீங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சா ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க வேண்டாம்னா வேண்டாம்னு நான்தானப்பா சொல்லியிருந்தேன்."

ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த ஜன்னலில் நின்று, அப்பன் தன் கல்யாணத்தைச் செம்பு செம்பாகக் கரைப்பதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்து அந்த ஆட்டுக்குக் கீரையும் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள் என் மகள். நான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், "நம்ம முன்னோர்கள்" என்றுதான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குச் சம்மதம்மா" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன்.

மகள் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு உடைமரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். சித்தப்பா கிடாவின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார், பொங்கலை மட்டும் பொங்கிச் சாப்பிட்டுப் போவோம் என்றார். பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்கு நகர்ந்தார்கள். நான் அந்தக் காலிச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் அவள் பேசுவது கேட்டது.

"இல்ல, சாமி ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அப்பா சொல்லிட்டாங்க. ஆமா, எங்கப்பாதான். அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."